திருவக்கரையின் கல்மரங்கள்

பத்தாம் வகுப்பு மாணவி

புயலில் ஒரு வேப்பமரம் வேரோடு சாய்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். யாரும் அதை வெட்டவில்லை, விறகுக்கும் எடுக்கவில்லை. என்ன ஆகும்? முதல் வாரத்திலேயே இலைகள் சருகாகிப் பறந்துவிடும். மழைக்காலத்தில் பட்டையின் மேல் காளான் முளைக்கும். பிறகு கரையான் வரும். ஐந்தாறு ஆண்டுகள் கழிந்தால் அந்த இடத்தில் கறுத்த மண்ணைத் தவிர வேறொன்றும் இராது. நம் நாட்டின் வெயிலுக்கும் மழைக்கும் எதிரே மரம் அவ்வளவு காலந்தான் தாங்கும்.

ஆனால் நம் விழுப்புரம் மாவட்டத்திலேயே சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன் விழுந்த மரங்கள் இன்றும் அப்படியே கிடக்கின்றன என்றால் நம்ப முடிகிறதா? அவற்றைக் கரையான் தின்னவில்லை, தீயும் எரிக்காது. அவை கல்லாகிவிட்டன. விழுப்புரம், திண்டிவனம், புதுச்சேரி ஆகிய மூன்று ஊர்களுக்கும் நடுவே, சங்கராபரணி ஆற்றின் கரையில் அமைந்துள்ள திருவக்கரை என்னும் சிற்றூரில் அவற்றைக் காணலாம். பௌர்ணமி தோறும் வக்கிரகாளியம்மன் கோயிலுக்குப் பஸ் பஸ்ஸாக மக்கள் வருகிறார்கள். அவர்களில் எத்தனை பேர் பக்கத்திலிருக்கும் கல்மரப் பூங்காவில் கால் வைக்கிறார்கள் என்பது எனக்குச் சந்தேகம்தான்!

இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையின் பாதுகாப்பில் உள்ள இந்தப் பூங்காவின் பரப்பு ஏறத்தாழ 247 ஏக்கர். கிட்டத்தட்ட 200 கல்மரங்கள் இங்கு உள்ளன. நாங்கள் கல்விச் சுற்றுலாவாகச் சென்றபோது, உள்ளே நுழைந்ததும் பலருக்கு ஏமாற்றமாகவே இருந்தது. நிமிர்ந்து நிற்கும் கற்சிலைபோன்ற மரங்களை எதிர்பார்த்துப் போனோம். அங்கோ செம்மண் மேட்டில் விறகுக்கடையில் கிடப்பதுபோல் அடிமரங்கள் படுத்துக் கிடந்தன. அருகில் போய்ப் பார்த்தால் நார் ஓடுவது தெரிகிறது. கிளை முறிந்த இடத்தில் முடிச்சுத் தெரிகிறது. "இது மரம்தான், கல் இல்லை" என்று என் தோழி சாதித்தாள். கையை வைத்துப் பார்த்த பின்தான், பாறையின் குளிர்ச்சியை உணர்ந்து வாயடைத்துப் போனாள்.

இக்கல்மரங்களைப் பற்றி ஊர்மக்கள் வழிவழியாக ஒரு கதை சொல்கிறார்கள். இங்கே கொல்லப்பட்ட வக்கிராசுரனின் எலும்புகளே இப்படிக் கல்லாகிக் கிடக்கின்றனவாம். இதைக் கேட்டு நாங்கள் சிரித்தோம். ஆனால் யோசித்துப் பார்த்தால் அக்கதையைக் கட்டியவர்கள் கண்ணை மூடிக்கொண்டு கட்டவில்லை. உயிருள்ள ஒன்றின் உடலே கல்லாகியிருக்கிறது என்பதை அவர்கள் சரியாகத்தான் கண்டுகொண்டார்கள். எழுதப்பட்ட குறிப்பைப் பொறுத்தவரை, 1781இல் இவற்றைப் பற்றிக் குறித்தவர் சொன்னராட் என்னும் பிரெஞ்சு இயற்கையாளர். இங்கே ஒரு வேடிக்கை. அலையாத்திக் காடுகளில் வளரும் ஒரு மரவகைக்கு இவர் பெயரையே சூட்டி 'சொன்னராட்டியா' என்கிறார்கள். அந்த மரவகையின் கல்லான கட்டையும் பிற்காலத்தில் இதே கடலூர் மணற்கல் பாறையில் கண்டுபிடிக்கப்பட்டது!

சரி, மரம் எப்படிக் கல்லாயிற்று?

இதற்கு விடை தேடுமுன், திருவக்கரையில் எது இல்லை என்று பார்க்க வேண்டும். இலை இல்லை. பூ இல்லை, காய் இல்லை. பட்டை இல்லை. மண்ணைப் பிடித்து நிற்கும் வேர் இல்லை. சின்னக் கிளைகளும் இல்லை. எல்லாம் மொட்டையான அடிமரங்கள்! இதிலிருந்துதான் நிலவியல் அறிஞர்கள் ஒரு முடிவுக்கு வந்தார்கள். இந்த மரங்கள் இங்கே வளர்ந்தவை அல்ல. எங்கோ மேட்டுப் பாங்கான காட்டில் வளர்ந்து, பெருவெள்ளத்தில் அடித்து வரப்பட்டவை. வெள்ளத்தில் உருண்டு, பாறையிலும் ஒன்றோடொன்றும் மோதி, கிளையும் பட்டையும் வேரும் உரிந்துபோக, கடைசியில் ஆறு வேகம் குறைந்த இடத்தில் மணலோடும் கூழாங்கல்லோடும் சேர்ந்து அமிழ்ந்துபோயின. அந்த மணல்தான் பின்னர் இறுகி இன்று நாம் காணும் மணற்கல் ஆகியிருக்கிறது.

அமிழ்ந்ததுதான் முக்கியம். மரத்தை அழிப்பவை பூஞ்சையும் பாக்டீரியாவும் கரையானும். பூஞ்சைக்கும் கரையானுக்கும் காற்று வேண்டும். ஆழமான ஈர மணலுக்குள் காற்றில் உள்ள ஆக்ஸிஜன் எளிதில் போகாது. ஆகவே அங்கே அழுகல் ஒரேயடியாக நிற்காவிட்டாலும் மிக மிக மெதுவாக நடக்கும். கல்லாவதற்கு மரத்துக்குக் கால அவகாசம் கிடைத்தது இப்படித்தான்.

அடுத்த வேலையைச் செய்தது நிலத்தடி நீர். நம் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைக் கையில் ஏந்திப் பார்த்தால் தெளிவாகத்தான் இருக்கும். ஆனால் அதில் சிலிக்கா என்னும் பொருள் ஒரு லிட்டருக்குச் சில பத்து மில்லிகிராம் அளவு கரைந்திருப்பது வழக்கம். மணலும் கண்ணாடியும் எந்தப் பொருளால் ஆனவையோ அதே பொருள்தான் இது. பாறைகளில் உள்ள கனிமங்கள் சிதையும்போது நீரில் கலக்கிறது. அந்த நீர் மரத்துக்குள் ஊறுகிறது. உயிரோடிருந்த காலத்தில் வேரிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றிய சைலக் குழாய்கள் இப்போது சிலிக்கா நீர் ஓடும் வாய்க்கால்கள் ஆகின்றன. செல்லின் சுவர்களில் சிலிக்கா மெல்லப் படிகிறது. பிறகு செல்லின் உள்ளிடத்தையும் நிரப்புகிறது. காலப்போக்கில் மரப்பொருள் பெரும்பாலும் கரைந்துபோக, அதன் வடிவத்தைச் சிறிதும் கலைக்காமல் கல் அந்த இடத்தில் அமர்ந்துகொள்கிறது.

இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஓர் உவமை உதவியது. பழைய வீட்டின் சுவரை இடிக்காமல், ஒவ்வொரு செங்கல்லாக உருவிவிட்டு அதே இடத்தில் கருங்கல்லை வைத்துக்கொண்டே போனால், கடைசியில் வீடு அதே வீடாக இருக்கும். பொருள் மட்டும் வேறாகிவிடும். ஆனால் உவமையில் ஒரு குறை உண்டு. எல்லாச் செங்கல்லும் வெளியே போய்விடுவதில்லை. பல கல்மரங்களில் பழைய மரத்தின் எச்சம் சிறிதளவு சிலிக்காவுக்குள் சிறைப்பட்டு இன்னும் இருக்கிறது.

இதில் ஓர் அவசரப் போட்டி நடக்கிறது என்பதைக் கவனியுங்கள். அழுகல் முந்தினால் மரம் மண்ணாகும். சிலிக்கா முந்தினால் கல்லாகும். திருவக்கரையில் சிலிக்கா வென்றது. இந்த மரங்களில் சிலவற்றில் காணப்படும் சிவப்பும் மஞ்சளும் இரும்பினால் வந்தவை. துருப்பிடித்த ஆணிக்குள்ள நிறமே இது.

கல்லான பின்னும் செல்கள் அப்படியே இருப்பதால், எந்த மரம் என்றுகூடச் சொல்லிவிடலாம். ஒரு சிறு துண்டை வைரத்தூள் பதித்த ரம்பத்தால் அறுத்து, கண்ணாடித் தகட்டில் ஒட்டி, 0.03 மில்லிமீட்டர் தடிமன் வரும்வரை தேய்ப்பார்களாம். அந்தத் தடிமனில் கல்லினூடே வெளிச்சம் பாயும்! நுண்ணோக்கியில் பார்த்தால் சைலக் குழாய்களும் மற்றச் செல்களும், இன்று காலை வெட்டிய மரத்தில் தெரிவதுபோலவே தெரியுமாம். இம்முறையில் பார்த்து, இங்கும் இதைச் சுற்றியுள்ள இடங்களிலும் கிடைத்த கல்மரங்களில் மாமரத்தின் குடும்பம், மருதமரத்தின் குடும்பம், அவரைக் குடும்பம் முதலியவற்றைச் சேர்ந்தவற்றை அறிஞர்கள் இனங்கண்டிருக்கிறார்கள். அதாவது 2 கோடி ஆண்டுகளுக்கு முன்னும் நம் பக்கத்துக் காடுகளில் நமக்குச் சொந்தக்கார மரங்களே நின்றிருக்கின்றன.

பூக்காத ஊசியிலை வகை மரம் ஒன்றின் கட்டையும் திருவக்கரையில் கிடைத்தது. 1855இல் அதற்கு முதலில் பெயர் வைத்தவர் யார் தெரியுமா? ஷ்லைடன்! செல் கொள்கையில் ஷ்வானோடு சேர்த்து நாம் மனப்பாடம் செய்கிறோமே, அதே ஜெர்மானிய ஷ்லைடன்தான். திருவக்கரைக் கல் ஜெர்மனிக்குப் போய் அவர் கையில் இருந்திருக்கிறது என்று படித்ததிலிருந்து, பாடப் புத்தகத்தில் அவர் பெயரைப் பார்த்தால் எனக்குத் தெரிந்தவர்போலவே தோன்றுகிறது. பிறகு 1931இல் நம் நாட்டின் பீர்பல் சானி அதை மறுபடி ஆராய்ந்து வேறு பெயரிட்டு வகைப்படுத்தினார். லக்னோவில் தொல்தாவரவியல் நிறுவனத்தைத் தோற்றுவித்த பேரறிஞர் அவர். 1949 ஏப்ரல் 3ஆம் நாள் பிரதமர் நேரு நாட்டிய அந்நிறுவனத்தின் அடிக்கல்லிலேயே தொல்லுயிர்ப் படிவங்களைப் பதித்திருந்தார்கள். அதற்கு ஒரு வாரத்துக்குள் சானி மறைந்தார் என்பது வருத்தமான செய்தி.

இனி, எல்லா உயிர்களும் இப்படிக் கல்லாகுமா என்ற கேள்விக்கு வருவோம். ஆகா. மிகப் பெரும்பாலானவை ஆவதில்லை. எது தாங்கும், எது தாங்காது என்பதற்கு இரண்டு காரணங்களைச் சொல்லலாம்: உடலில் கடினமான பகுதி இருக்க வேண்டும், இறந்தவுடன் விரைவில் புதைய வேண்டும்.

கடினத்தில் முதல் பரிசு பல்லுக்கு. பல்லின் எனாமலில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்குக்கு மேல் கனிமம்தான். தின்பதற்கு அதில் பாக்டீரியாவுக்கு ஒன்றும் இல்லை. சென்னைக்கு வடமேற்கே பூண்டிக்கு அருகில் அத்திரம்பாக்கம் என்னும் ஊர் இருக்கிறது. இராபர்ட் புரூஸ் பூட்டும் அவர் நண்பர் வில்லியம் கிங்கும் 1863இல் அங்கே கற்கருவிகளைக் கண்டார்கள். பிற்கால ஆய்வுகளில் அங்குள்ள மிகப் பழைய கருவிகளின் வயது 15 லட்சம் ஆண்டுகளாவது இருக்கும் என்று தெரிந்தது. அவ்வளவு கருவிகள் கிடைத்தும், அவற்றைச் செய்த கைகளின் எலும்பு ஒன்றுகூட அங்கே கிடைக்கவில்லை. விலங்குகளில் மிஞ்சியவை? மூன்று பற்கள்!

இரண்டாம் பரிசைச் சிப்பிக்கும் நத்தைக்கும் கொடுக்கலாம். ஓடும் கெட்டி, வாழ்வதும் சேற்றுக்கு அருகில். செத்தால் அங்கேயே புதைவதும் எளிது. இதற்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. நம் மாவட்டத்து வழுதாவூர்ப் பக்கத்தில் சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் இருந்தது. அந்தக் கடலின் சிப்பிகளும், அம்மோனைட் என்னும் சுருண்ட ஓடுடைய கடற்பிராணிகளும் அங்குள்ள பாறைகளில் கிடைக்கின்றன. அம்மோனைட்டைப் பார்த்தால் பெரிய நத்தைபோல இருக்கும். உண்மையில் அது கணவாய்க்கு உறவு. புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளி வட்டாரங்களில் திரட்டிய இத்தகைய படிவங்களைப் பற்றி எட்வர்டு போர்ப்ஸ் 1846இலேயே லண்டனில் கட்டுரை வெளியிட்டார். சில சமயம் ஓடு முழுவதும் கரைந்துபோய், அதன் பள்ளம் மட்டும் பாறையில் இருக்கும். அந்தப் பள்ளத்தில் வேறு கனிமம் நிரம்பினால், கொழுக்கட்டை அச்சில் மாவு வைத்து எடுத்ததுபோல் ஓட்டின் வார்ப்புக் கிடைக்கும்.

2020ஆம் ஆண்டு பெரம்பலூர் மாவட்டத்தில் குன்னம் அருகே உருண்டை உருண்டையாகக் கற்கள் கிடைத்தபோது டைனோசர் முட்டை என்று ஊரெல்லாம் பேச்சு. பார்த்த வல்லுநர்கள் அம்மோனைட்டைச் சுற்றி இறுகிய மண்ணுருண்டைகள் என்று சொல்லிவிட்டார்கள். எனக்கென்னவோ முட்டையைவிட அம்மோனைட்டே அழகாகத் தெரிகிறது.

ஜெல்லி மீன், மண்புழு, பட்டாம்பூச்சி ஆகியவை பாவம், பெரும்பாலும் தடயமின்றிப் போய்விடுகின்றன. மண்புழு உலகில் எவ்வளவு! அதன் படிவம் எவ்வளவு அரிது! ஆகவே பாறைகளில் சிப்பி மிகுதியாக இருப்பதைப் பார்த்துவிட்டு, பழைய கடலில் சிப்பிகளே வாழ்ந்தன என்று நாம் நினைத்துவிடக் கூடாது. மெல்லிய உடலுக்கு எப்போதாவது நற்பேறு வாய்ப்பதும் உண்டு. குஜராத்தில் வஸ்தான் என்னும் நிலக்கரிச் சுரங்கத்தில் சுமார் 5 கோடி ஆண்டுப் பழமையான மரப்பிசின் கட்டிகள் கிடைத்தன. அந்தப் பிசினில் ஒட்டிக்கொண்ட எறும்பு, ஈ, சிலந்தி முதலியவை மயிர்க்கால்கூடச் சிதையாமல் இருப்பதை 2010இல் விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். பூண்டுத் தோலைவிட மெல்லிய சிறகு தப்பியதற்குக் காரணம் அது கெட்டி என்பதல்ல. பிசின் அதைக் காற்றிலிருந்து உடனே மூடிவிட்டது என்பதே.

தாவரங்களிலும் இதே கதைதான். இலை நைந்துபோகும். அடிமரம், லிக்னின் என்னும் உரமான பொருள் நிறைந்திருப்பதால், நீண்டநாள் தாங்கும். எல்லாவற்றையும்விட உறுதியானது, ஊதினால் பறந்துவிடும் மகரந்தத் தூள் என்றால் நம்புவீர்களா? அதன் மேலுறை அமிலத்துக்கும் அசையாது. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியில் பழைய சதுப்புக் காட்டு மரங்களின் மகரந்தம் இன்றும் நுண்ணோக்கியில் தெரிகிறது. அங்கேயும் மரங்கள் காற்றுப் புகாமல் புதைந்தன. ஆனால் சிலிக்கா வந்து நிரப்பவில்லை. அதனால் கல்லாகாமல் கரியாயின. நெய்வேலி மரம் நமக்கு மின்சார விளக்காக எரிகிறது, திருவக்கரை மரம் பூங்காவில் படுத்திருக்கிறது. இரண்டுக்கும் விதி புதைந்த இடத்தில் நிர்ணயமாயிற்று.

எங்கள் சுற்றுலாவில் நடந்த ஒன்றையும் எழுத வேண்டும். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒருத்தி கைக்குட்டையை அவிழ்த்து விரல் நீளக் கல்மரத் துண்டு ஒன்றைக் காட்டினாள். நாங்கள் எல்லாரும் வாங்கி வாங்கிப் பார்த்தோம். அதைக் கண்ட எங்கள் அறிவியல் ஆசிரியை கோபிப்பார் என்று நினைத்தோம். அவர் கேட்டது ஒரே கேள்வி: "எந்த மரத்தோரம் எடுத்தாய்?" அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. "அப்படியானால் இதை வைத்து இனி யாரும் ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது, அம்மா" என்றார். அவள் அழுதுவிட்டாள். மறுவாரம் அந்தத் துண்டு தபாலில் பூங்கா முகவரிக்குப் போயிற்று. ஆனால் எந்த மரத்தோடு அதைச் சேர்ப்பார்கள்?

ஆசிரியை சொன்னதன் முழுப் பொருள் எனக்கு விளங்கியது, கள்ளமேட்டைப் பற்றிப் படித்தபோதுதான். அரியலூர் மாவட்டத்தில் உள்ள அவ்வூரில், இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த யாதகிரி, அய்யாசாமி என்னும் இருவர் மிகப் பெரிய எலும்புகளைக் கண்டு, 1980களின் இறுதியில் அவற்றுக்கு 'புருகத்காயசாரஸ்' என்று பெயரிட்டார்கள். 'பேருடல் கொண்டது' என்று பொருள். கணைக்கால் எலும்பு மட்டுமே 2 மீட்டர் நீளம்! உலகில் நடமாடிய விலங்குகளிலேயே மிகப் பெரியவற்றுள் ஒன்றாக இது இருந்திருக்கலாம் என்கிறார்கள். ஆனால் அந்த எலும்புகள் நன்றாகக் கல்லாகியிருக்கவில்லை. தொட்டால் உதிரும் நிலையில் இருந்தவை. சாந்து பூசிக் காப்பாற்ற முயன்றும் உதிர்ந்து தூளாகிவிட்டன. இப்போது ஓர் எலும்பும் இல்லை.

எலும்புகள் இல்லாமற் போனதும் சந்தேகம் கிளம்பியது. அது எலும்பே அல்ல, கல்லான அடிமரமாக இருக்கும் என்று வெளிநாட்டு ஆராய்ச்சியாளர் சிலர் எழுதினார்கள். நம் பக்கத்தில் கல்மரத்துக்கா பஞ்சம்? பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்தில் ஒன்று கிடக்கிறதே! அதைப் புவியியல் அறிஞர் எம். எஸ். கிருஷ்ணன் 1940இல் கண்டறிந்தார். ஆகவே சந்தேகப்பட்டவர்களைக் குறை சொல்லவும் முடியாது. 2022இல் அய்யாசாமியும் மற்றோர் ஆய்வாளரும், தோண்டிய காலத்தில் எடுத்த பழைய புகைப்படங்களை வெளியிட்டு, அது எலும்புதான் என்று வாதிட்டார்கள். எலும்பை நுண்ணோக்கியில் பார்த்தால் இரத்தக் குழாய் ஓடிய சிறு துளைகளைச் சுற்றி வளையங்கள் தெரியும்; மரத்தில் சைலக் குழாய் தெரியும். இரண்டையும் மாற்றிச் சொல்லவே முடியாது. நகக்கண் அளவு துண்டு ஒன்று மிஞ்சியிருந்தால், ஷ்லைடனும் சானியும் பார்த்ததுபோல் சீவித் தேய்த்துப் பார்த்துச் சொல்லியிருப்பார்கள். புகைப்படத்தை அப்படித் தேய்த்துப் பார்க்க வழியில்லை.